காண்டஸாவுக்கு இன்ஜெக்‌ஷன் எஞ்சின்: சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி

போன மார்கழியில் ஒரு ராத்திரி, வடலூர் தாண்டி நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் வந்துகொண்டிருந்தோம். நண்பனின் ஹிந்துஸ்தான் காண்டஸா. வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. திடீரென்று எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வண்டியை ஓரம் கட்டினான். உள்ளே பெட்ரோல் வாசனை. ரோட்டில் சத்தமே இல்லை, ஆனால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் மட்டும் நிற்காமல் வந்தது.

"மச்சான், சாவிய ஆஃப் பண்ணுடா" என்று கத்தினேன். பண்ணினான். ரீங்காரம் நின்றது. பானட்டைத் திறந்து டார்ச் அடித்தால், ஒரு ரப்பர் ஹோஸ் கிளிப்பை விட்டுக் கழன்று தொங்குகிறது. அதற்கு ஒரு சாண் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், கை வைக்க முடியாத சூட்டில். சுற்றிலும் பெட்ரோல் நனைந்திருந்தது. ஏன் பற்றவில்லை என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

அந்த ரீங்காரம்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பம்ப் ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்ற கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மூன்று மாதம் படித்தேன், வயர் வயராகப் பிரித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டிக்குப் புது எஞ்சின் போடும் ஆசையில் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

நம்ம ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளக் கிடைத்தது காண்டஸா. நீண்ட மூக்கு, பின்சக்கர இழுவை, அகலமான உடம்பு. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 70களில் செய்த விக்டர் வரிசைக் காரின் அச்சுகளை வாங்கி, 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. உடம்பு அப்படி, உள்ளே வைத்ததோ அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்குள் பள்ளிக்கூடப் பையனின் இதயம். கம்பெனிக்கே அது தெரிந்திருந்தது. சில வருஷங்களில் ஜப்பானின் இசுஸு வடிவமைத்த 1817 சிசி பெட்ரோல் எஞ்சினை, ஐந்து கியரோடு மாட்டினார்கள். 88 குதிரைத்திறன். ஆக, காண்டஸாவுக்கு முதன்முதலில் எஞ்சின் மாற்றியது ரோட்டோரப் பட்டறை இல்லை, அதைச் செய்த கம்பெனியேதான்.

இதற்கு நேர் எதிரான கதை நம்ம வண்டலூரில் நடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000. அதன் உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அந்தக் காருக்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் உண்டு. 1982இல் வந்த விடெஸ் மாடலில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு 190 குதிரைத்திறன் எடுத்தார்கள். இங்கே அதற்குள் போனது பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு வம்சத்து நாலு சிலிண்டர், 1991 சிசி. இதில் ஒரு வேடிக்கை. 83 மிமீ விட்டம், 92 மிமீ ஓட்டம், 1991 சிசி என்ற கணக்கு 1953இல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 என்ற நிஜமான ஸ்போர்ட்ஸ் காரின் கணக்கு. அந்தச் சின்ன வண்டியில் துள்ளிய எஞ்சின் குடும்பம், முப்பது வருஷம் கழித்து இந்தப் பெரிய உடம்பை இழுக்க முடியாமல் திணறியது. 1988க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சின் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்த உடம்பில், எந்த எரிபொருளோடு என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சரி, கார்புரேட்டருக்கு வருவோம்.

1.8 லிட்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் 454 சிசி. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே இழுப்பது அரை கிராம் சொச்சம் காற்று. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். வகுத்துப் பாருங்கள்: ஒரு வெடிப்புக்குத் தேவையான பெட்ரோல் 36 மில்லிகிராம், கன அளவில் 0.05 சிசி. கண்ணுக்கு மருந்து விடுகிறோமே, அந்த ஒரு சொட்டு. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 50 சொட்டு. சும்மா நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் அதில் கால்வாசிகூட இருக்காது. இந்தச் சொட்டை அளப்பதுதான் முழு வேலையும்.

கார்புரேட்டர் இதை எந்த மூளையும் இல்லாமல் செய்கிறது. குறுகலான குழாய் வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தம் ஒரு நுண்துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று கூடினால் உறிஞ்சலும் கூடும். அற்புதமான யோசனை, நூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆனால் தான் போட்ட கலவை சரியாக எரிந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. சென்னையில் ட்யூன் பண்ணின வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப் போனால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. துளை அதே துளை. கலவையில் பெட்ரோல் கூடி, கரும்புகை தள்ளிக்கொண்டு ஏறும். பழைய ஆட்கள் ஜெட் மாற்றுவார்கள், அல்லது திட்டிக்கொண்டே ஓட்டுவார்கள்.

திரும்பிப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொன்னவர் அப்பா. இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, டீ குடித்துக்கொண்டே சொல்வார்: "கூடக் காத்து விட்டா சூடெல்லாம் சிம்னி வழியா போயிடும். கம்மியா விட்டா கரி முழுசா எரியாது. போற புகையில ஆக்ஸிஜன் எவ்ளோ மிஞ்சுதுன்னு பாத்துட்டே இருக்கணும்." நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி எடை தண்ணீர். அதற்கென்றே வடிவமைத்த அடுப்புகள் இங்கே இருப்பவை. நல்ல கருப்பு நிலக்கரிக்கான பாய்லரைக் கொண்டுவந்து வைத்து இதைப் போட்டால் வேலைக்கு ஆகாது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்க மின் நிலையங்களில் சிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கருவியைப் பயன்படுத்துவார்கள்.

அதே சிர்கோனியாதான் காரின் எக்ஸாஸ்ட் குழாயில் கட்டைவிரல் அளவில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். 1976இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனம் இதை முதலில் கொண்டுவந்தது. கலவையில் பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம், காற்று கூடினால் 0.1 பக்கம். நடுவில் செங்குத்தாக ஒரு தாவல். ஈசியு என்ற கம்ப்யூட்டர் பெட்டி இதைப் பார்த்து, அடுத்தடுத்த சொட்டுகளைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், நாள் முழுக்க. அப்பா கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து செய்ததை ஒரு சிப் நொடிக்குப் பல தடவை செய்கிறது. பாய்லரில் கொஞ்சம் காற்று உபரியாக விடுவார்கள், காரில் உபரியே கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் கூடாது என்பதில்தான் இன்ஜெக்‌ஷனின் வரலாறே இருக்கிறது. நம்மில் பலர் நினைப்பது போல அது சாதாரணக் காருக்குப் பவருக்காக வரவில்லை. புகைக்காக வந்தது. 1995 ஏப்ரலிலிருந்து டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. அந்தக் கன்வர்ட்டர் மூன்று நச்சு வாயுக்களையும் சேர்த்து அழிக்க, கலவை 14.7ஐ ஒட்டியே ஊசலாட வேண்டும். துளை வழியாக உறிஞ்சும் கார்புரேட்டருக்கு அந்தத் துல்லியம் வராது. 1999இல் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு யூரோ விதிகளை உத்தரவிட்டது. அதற்கடுத்த ஓரிரு வருஷங்களில் எஸ்டீம், ஜிப்ஸி எல்லாம் எம்பிஎஃப்ஐ ஆயின. ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சின் 60 குதிரைத்திறனிலிருந்து 80க்குப் போனது. ஆனால் அதில் பெரிய பங்கு, வால்வுகள் 8லிருந்து 16 ஆனதற்குத்தான் சேர வேண்டும். பெயர் மட்டும் எம்பிஎஃப்ஐக்குப் போய்விட்டது!

இனி மாற்று வேலை. எஞ்சின் இறக்கி ஏற்றுவது, மவுண்ட் வெல்டிங் செய்வது, கியர்பாக்ஸோடு சேரும் பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் தட்டு அடிப்பது, ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல் பார்ப்பது: இந்த இரும்பு வேலைகள் எல்லாம் கடினம்தான். ஆனால் நல்ல லேத்தும் நல்ல கையும் இருந்தால் முடிந்துவிடும். நம்ம ஊர்ப் பட்டறைகள் இதில் கில்லாடிகள். பழைய அம்பாசடரிலும் ஜீப்பிலும் எத்தனை விதமான டீசல் எஞ்சின்களை ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள்! டீசலில் அது சுலபமாக நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து டீசலின் மூளை, அதன் ஃப்யூயல் பம்புக்குள்ளேயே இரும்பாக இருந்தது. எஞ்சினைத் தூக்கினால் மூளையும் கூடவே வரும். இன்ஜெக்‌ஷன் பெட்ரோலில் அப்படி இல்லை. எஞ்சினைத் தூக்கினால் வருவது உடம்பு மட்டும். நரம்பும் மூளையும் கொடுத்த வண்டியிலேயே தங்கிவிடும், வயர் ஹார்னஸாக, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டியாக. பாதிப் பட்டறைகள் அந்த ஹார்னஸை கட்டிங் பிளேயரால் நறுக்கித்தான் எடுக்கின்றன.

பெட்ரோல் பாதையும் முழுசாக மாற வேண்டும். கார்புரேட்டருக்கு மெக்கானிக்கல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் 0.2, 0.3 பார். இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய 3 பார், பத்து மடங்கு. பழைய ஹோஸ், பழைய திருகுக் கிளிப் இதைத் தாங்காது. அதற்கென்று தனி ஹோஸ், ரப்பரைக் கிழிக்காத தனி கிளிப், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு லைன் எல்லாம் வேண்டும். டேங்கையும் விட முடியாது. கார்புரேட்டரில் ஃப்ளோட் கிண்ணம் என்று ஒரு சின்னச் சேமிப்பு உண்டு. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பைப் வாய் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலும் கிண்ணம் சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் கிண்ணம் கிடையாது. கால் டேங்கில் வேகமாக வளைந்தால் எஞ்சின் இருமும். அதற்கு டேங்குக்குள் தடுப்போ, நடுவில் ஒரு சின்ன இடைத்தொட்டியோ வைக்க வேண்டும்.

அடுத்து, எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஈசியுவுக்குத் தெரிய வேண்டும். கிராங்கில் ஒரு பல்சக்கரம் இருக்கும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம், ஆனால் 58தான் இருக்கும். காணாமல் போன அந்த இரண்டு பல்தான் "இங்கேயிருந்து எண்ணு" என்ற அடையாளம். ஒரு சென்சார் பல்லை எண்ணுகிறது, இன்னொன்று மேனிஃபோல்டின் அழுத்தத்தைச் சொல்கிறது. இரண்டையும் வைத்து ஈசியு ஒரு அட்டவணையில் எண்ணைத் தேடி, இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திற என்கிறது. நான் எழுதுகிற நிரல்களோடு ஒப்பிட்டால் மிகச் சாதாரணமான நிரல்தான். பத்து டாலர் ஆர்டுயினோ வகைச் சில்லில்கூட ஓட்டுகிறார்கள். ஸ்பீடுயினோ என்று ஒரு திறமூலத் திட்டமே இருக்கிறது. ஆனால் இது தப்பினால் திரையில் எர்ரர் வராது, பிஸ்டனில் ஓட்டை விழும்.

இப்போது அந்த ரீங்காரம்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு நொடி ஓடிவிட்டு நிற்க வேண்டும். கிராங்க் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் ஈசியு ரிலே வழியாகப் பம்பைத் தொடர்ந்து ஓட்டும். எஞ்சின் எந்தக் காரணத்துக்காக நின்றாலும், வண்டி மோதி ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தாலும், பம்ப் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. நண்பனின் வண்டியில், முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பட்டறையில் ஜப்பானிய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஒன்றைப் போட்டிருந்தார். வயரைப் பின்தொடர்ந்து போனேன். பம்பின் வயர் ரிலேவுக்குப் போகவே இல்லை. நேராகச் சாவிக்குப் போயிருந்தது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது இன்னும் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. ஈசியுவின் எர்த் வயரை, பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ஒரு திருகில் முடுக்கியிருந்தார்கள். எர்த் சரியில்லாததால் கிராங்க் சென்சாரின் சிக்னலில் இரைச்சல். ஈசியு பல்லை எண்ண முடியாமல் அவ்வப்போது "எஞ்சின் நின்றுவிட்டது" என்று முடிவு செய்து, பம்பை நிறுத்தியிருக்கிறது. வண்டி நடுரோட்டில் நின்றிருக்கும். கஸ்டமர் திரும்பத் திரும்ப வந்திருப்பார். பம்புக்கு கரண்ட் வரவில்லை என்று கண்டுபிடித்தவர், நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிட்டார். பிரச்சினை தீர்ந்தது! எங்கள் தொழிலில் எக்ஸெப்ஷனைப் பிடித்து, எதுவும் செய்யாமல் விழுங்கிவிடுவோமே, அச்சு அசல் அதே வேலை. நானும் செய்திருக்கிறேன், அதனால் அந்த மெக்கானிக்கைத் திட்ட முழு மனசு வரவில்லை. என் நிரல் பெட்ரோல் பீய்ச்சவில்லை, அது ஒன்றுதான் என் அதிர்ஷ்டம்.

சட்டமும் நம்மை விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எஞ்சின் பழுதாகி அதே வகை எஞ்சினைப் போடுவது வேறு. அதற்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்சியில் ஏற்றலாம். நண்பனின் ஆர்சியிலோ இன்னும் பழைய இசுஸு எண். 15 வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கும்போது எண்ணைத் தேய்த்துப் பார்ப்பார்கள். அதுவரை விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை. வின்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்பவர்களுக்கு: 2021 விதிப்படி 50 வயது ஆகியிருக்க வேண்டும், எஞ்சினும் மாறியிருக்கக் கூடாது. முதல் காண்டஸாவுக்கே 2034இல்தான் 50.

"அப்ப பழைய கார்புரேட்டருக்கே போயிடலாமாடா?" என்றான் நண்பன். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். தடுத்தது எத்தனால். இன்று பங்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும், அதனால் கலவைக்குத் தேவையான விகிதம் 14.7லிருந்து சுமார் 13.5க்கு இறங்குகிறது. பழைய ஜெட் பழைய கணக்கிலேயே சொட்டு விடும். அதாவது எஞ்சின் எப்போதும் எட்டு சதவீதம் போலப் பட்டினியில் ஓடும், சூடாகும், இழுக்காது. ஜெட்டைப் பெரிதாக்கலாம், பழைய ரப்பர்களையும் மாற்றியே ஆக வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள எஞ்சின் இந்த வித்தியாசத்தைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஊட்டிக் கதைதான் மறுபடியும், இந்த முறை மலை ஏறாமலே.

கடைசியில் வழி, காண்டஸாவின் கூடப்பிறந்தவனிடமே கிடைத்தது. அதே 1817 சிசி இசுஸு எஞ்சினை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 90களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கும் கொடுத்தது, பிறகு அதற்கு எம்பிஎஃப்ஐயும் போட்டது. அதே கம்பெனி, அதே பிளாக், அதே எரிபொருள், அதே சிசி. மவுண்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் பெரிய போராட்டம் இல்லை. ஆர்டிஓவிடம் எடுத்துச் சொல்லவும் நேர்மையான காரணம் இருக்கிறது. ஒரே ஒரு குறை. அம்பாசடரில் அந்த எஞ்சினுக்குப் போட்டிருந்த எண் 75 குதிரைத்திறன். காண்டஸாவின் கார்புரேட்டர் இசுஸுவுக்கு 88. புது எஞ்சின் போட்டு 13 குதிரையைத் தொலைக்கிற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன் என்று நண்பன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஞாபகப்படுத்தினேன்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் ஓடாமல் நின்றிருந்த ஒரு அம்பாசடரை முழுசாக வாங்கினோம். எஞ்சின் மட்டும் இல்லை, டேங்க், பம்ப், ஹார்னஸ், ஈசியு, எல்லாமே. ஒரு வயரையும் நறுக்கவில்லை. ஒவ்வொரு கனெக்டரிலும் சீட்டு ஒட்டினேன், மொத்தம் நாற்பத்து மூன்று. எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வெள்ளித் தகடு தெரியத் தேய்த்தது அப்பா. எழுபத்தைந்து வயதில், முக்காலி போட்டு உட்கார்ந்து, யாரையும் தொட விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேட்டரி கொடுத்தோம். எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை, அது அடுத்த வாரம். சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். பின் சீட்டுக்கு அடியிலிருந்து "ம்ம்ம்" என்று கேட்டது. ஒன்று, இரண்டு என்று அப்பா விரலை மடக்கினார். சத்தம் நின்றது.